எட்டாம் தட்டின் அருவி

வேலை முடிந்த மணி அடித்ததும் எட்டாம் தட்டில் எல்லோரும் அடித்துப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடுவார்கள். உள்ளே நுழைந்ததும் கையுறையைக்கூடக் கழற்றாமல் ஆட்டப்பெட்டியை முடுக்கி, ஆட்டத்தைத் திறந்து, தங்கள் வீரனை நடத்திக்கொண்டு போய் ஓர் அருவிக்கு அடியில் நிறுத்துவார்கள். அப்புறம் அந்தப் பக்கம் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பெட்டியின் தலையில் மாவுச் சட்டி ஏறும். பெட்டியின் முதுகில் காற்று வெளியேறும் சல்லடைக்கு எதிரே ஈரத்துணி தொங்கும். பச்சைக்குழந்தை இருக்கிற வீட்டில் தொட்டிலையும் அங்கேயே இழுத்துப் போட்டுவிடுவார்கள். திரையில் வீரன் கையில் வாளோடு, வாயில் ஈ நுழைவது தெரியாமல் அருவியை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பான்.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. காலிஸ்டோ என்கிற அந்த நிலவு வியாழனைச் சுற்றுகிற ஒரு பனிக்கட்டி. அதைக் குடைந்து தட்டுத் தட்டாகக் கட்டிய குடியிருப்புக்கு முத்துக்கரை என்று பெயர். அணு உலை முதல் தட்டில் இருந்தது. அங்கிருந்து சூடு ஒவ்வொரு தட்டாக இறங்கி, எட்டாம் தட்டுக்கு வரும்போது மிச்சம் மீதிதான். அந்த மிச்சத்துக்கும் வீட்டுக்கு வீடு சூட்டு மீட்டர் உண்டு. ஒரு நாளைக்கு உள்ள பங்கு, சமைத்துச் சாப்பிட்டுப் படுப்பதற்குள் தீர்ந்துவிடும்.

ஆனால் விளையாட்டுக்கு மீட்டர் கிடையாது. குடியேறிய புதிதில் பனி வெட்டுகிற தொழிலாளர்கள் சிலர் சலிப்புத் தாங்காமல் கவச உடை இல்லாமலேயே வெளியே நடந்து போய்விட்டார்கள். நிர்வாகம் ஆடிப்போய்விட்டது. உடனே மகிழ்வுத் துறை என்று ஒன்றைத் தொடங்கி, வீட்டுக்கொரு ஆட்டப்பெட்டியும் அதற்கென்று மகிழ்மின் என்ற தனி மின்சாரமும் கொடுத்தது. எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், கணக்கே இல்லை. மனிதன் குளிரில் செத்தால் அது இயற்கை, சலிப்பில் செத்தால் நிர்வாகத்துக்குக் கெட்ட பெயர்.

பெட்டி குடிக்கிற மின்சாரமெல்லாம் கடைசியில் சூடாகத்தானே வெளியே வரவேண்டும்? எட்டாம் தட்டுக்காரர்கள் இதைக் கண்டுபிடிக்க வெகுநாள் ஆகவில்லை. இருக்கிற ஆட்டங்களிலேயே 'வனவேந்தன்' ரொம்பக் கனமானது. அதிலும் அந்த அருவி இருக்கிறதே, அதன் ஒவ்வொரு துளியையும் பெட்டி தனித்தனியாகக் கணக்குப் போட்டு வரையவேண்டும். அந்த இடத்துக்கு வந்ததும் பெட்டி மூச்சு வாங்கும், விசிறிகள் அலறும், அறை கதகதவென்று ஆகும். அதனால்தான் தட்டு முழுவதும் உள்ள வீரர்கள் அருவிக்கு அடியில் குவிந்து நின்றார்கள். மகிழ்வுத் துறை அறிஞர் ஒருவர் இதைப் பார்த்து நெகிழ்ந்துபோய், உழைப்பாளர்களின் இயற்கை ஏக்கம் பற்றி ஒரு பெரிய ஆய்வே எழுதினார்.

மகிழ்மின்னைச் சூட்டுக்குப் பயன்படுத்துவது சட்டப்படி திருட்டு. பிடிபட்டால் ஒரு மாதத்துச் சூட்டுப் பங்கு போய்விடும். அதனால் ஆய்வு எழுதியவரை யாரும் திருத்தவில்லை.

சலேத்தின் வீட்டுப் பெட்டி கெட்ட நேரம் பார்த்து மக்கர் பண்ணியது. அவள் கணவர் சவரிமுத்து பனி வெட்டும் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். பனியோடு கலந்த பாறைத்தூள் நெஞ்சுக்குள் போய்ப் படிந்து, நான்கு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசினால் இருமல் பிடித்துக்கொள்ளும். "அறை குளிரவே கூடாது. குளிர்ந்தால் நுரையீரல் இறுகிவிடும். அப்புறம் என்னைக் கூப்பிட்டுப் பிரயோசனம் இல்லை" என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கூடுதல் சூடு கேட்டுக் கொடுத்த மனு வரிசையில் நின்றது. அந்த வரிசை நகர்ந்து பார்த்தவர்கள் எட்டாம் தட்டில் இல்லை.

அன்று சலேத் மாவு கரைத்துக்கொண்டிருந்தபோது விசிறிச் சத்தம் ஒரு மாதிரி இழுத்தது. திரும்பிப் பார்த்தாள். அருவியில் தண்ணீருக்குப் பதிலாகப் பச்சையும் ஊதாவுமாகக் கட்டங்கள் விழுந்தன. மறுகணம் திரை கறுத்துப்போனது. விசிறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. அந்த வீட்டில் அமைதி என்றால் குளிர் வருகிறது என்று அர்த்தம்.

"என்ன, அணைஞ்சிட்டா?" என்றார் சவரிமுத்து போர்வைக்குள்ளிருந்து.

"ஆமா. நீங்க பேசாதீங்க, இருமல் வந்துரும்."

"எம் வீரன் குளிச்சு முடிச்சிட்டான் போல. எத்தன வருசமா நிக்கான் பாவம். தலைய துவட்டச் சொல்லு."

சிரிக்கிற நிலைமையில் அவள் இல்லை. அணைத்துவிட்டு மறுபடி போட்டாள். ஆட்டம் வந்தது. வீரனை அருவிக்கு நடத்திப் போனாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி கட்டங்கள், மறுபடி கறுப்பு.

சலேத் ஒன்றும் படித்த பொறியாளர் இல்லை, பாரந்தூக்கி இயக்குகிறவள். ஆனால் எட்டாம் தட்டில் பெட்டியைப் பிரிக்கத் தெரியாத ஆளே கிடையாது. அவளும் பிரித்தாள். பழைய பல்தேய்ப்பானால் விசிறி இதழ்களில் அடை அடையாக ஒட்டியிருந்த தூசியைத் துடைத்தாள். காய்ந்துபோன சூட்டுப்பசையைச் சுரண்டிவிட்டுப் புதிதாகத் தடவினாள். நினைவுச் சில்லுகளைக் கழற்றி ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தாள். படத்தகடு என்கிற, படம் வரைகிற பெரிய பலகையை உருவி, அதன் பல்வரிசையைத் துணியால் தேய்த்து, கடக்கென்று சத்தம் கேட்கும்வரை திரும்பச் செருகினாள். அதை ஓட்டுகிற நிரலை அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினாள். ஒவ்வொரு தடவையும் அருவி கொஞ்ச நேரம் கொட்டியது. ஒவ்வொரு தடவையும் கறுத்தது.

வேறு வழியில்லாமல் மகிழ்வுத் துறையின் உதவிக்குரலைக் கூப்பிட்டாள். அது தேன் ஒழுகப் பேசியது. "கவலை வேண்டாம். காட்சித் தரத்தைக் குறைத்துப் பாருங்கள். தொண்ணூறு சதவீதச் சிக்கல்கள் இதிலேயே தீர்ந்துவிடும்."

குறைத்துப் பார்த்தாள். அருவி வெள்ளைக் கோடு போல் ஆனது, இலைகள் அட்டையில் வெட்டி ஒட்டியவை போல் நின்றன. பெட்டி ஒரு ஷிப்டு முழுக்க ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. ஆனால் தொட்டால் சில்லென்று இருந்தது, மாவு புளிக்கவில்லை, சவரிமுத்தின் நகங்கள் நீலம் பாரித்தன.

"தரத்தக் குறைக்கணுமாம்ல! உங்கப்பனா வந்து சூடு குடுப்பான்?" என்று இணைப்பைத் துண்டித்த பிறகு அந்தக் குரலைக் கேட்டாள்.

பக்கத்து வீட்டு பாக்கியத்தாய்க்கு விஷயம் தெரிந்ததும் சவரிமுத்தைத் தன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனாள். அங்கே அவளுடைய மாமியார், கணவர், பிள்ளைகள், கைக்குழந்தை என்று நிற்க இடமில்லை. சவரிமுத்து இருமினால் குழந்தை விழித்து வீறிடும். அவருக்கே சங்கடமாகி, தன் வீட்டுக்குப் போகிறேன் என்று அடம்பிடித்தார். அவர் கிளம்பும்போது பாக்கியத்தாய் தன் பெட்டிக்கு மின்சாரம் ஊட்டுகிற மின்பொதியையே கழற்றிச் சலேத்தின் கையில் கொடுத்தாள்.

"கொண்டுபோயி மாட்டிப் பாருட்டி. மின்பொதிதான் கெட்டிருக்குன்னா எங்கயாவது தேத்திரலாம்."

"உங்க வீடு குளிருமே அக்கா."

"கொஞ்ச நேரம்தான. குளிரட்டும். புள்ளையள எம் முந்தானைக்குள்ள போட்டுக்கிடுதேன்."

மாட்டிப் பார்த்தாள். அதே பச்சை, அதே ஊதா, அதே கறுப்பு. கெட்டது படத்தகடுதான். அது மகிழ்வுத் துறையைத் தவிர வேறெங்கும் கிடைக்காது. சலேத் கையில் திருப்புளியோடு தரையில் உட்கார்ந்து அழுதாள்.

"புகார் குடுத்துறப் போறேன்" என்றாள், மின்பொதியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது.

பாக்கியத்தாய்க்குத் தூக்கிவாரிப் போட்டது. "கிறுக்கு புடிச்சிட்டா ஒனக்கு? புகார் குடுத்தா ஆள் வருவான். ஆள் வந்தா மாவப் பாப்பான், துணியப் பாப்பான். இந்தத் தட்டுல எவளாவது வாயத் தொறந்திருக்காளா இது வரைக்கும்?"

"நான் சூட்டப் பத்தி ஏன் பேசப் போறேன்? ஆட்டத்தப் பத்திப் பேசுதேன். ஆட்டம் இல்லாம இருக்க முடியலன்னு சொல்லுதேன். வேற என்ன செய்யச் சொல்லுதீங்க? அவரு செத்துப் போயிருவாரு அக்கா."

பாக்கியத்தாய் மின்பொதியை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அதிகாரி வருகிறார் என்ற செய்தி குழாயில் தட்டும் சத்தமாகத் தட்டு முழுக்கப் பரவியது. மாவுச் சட்டிகள் கட்டிலுக்கடியில் போயின. துணிகள் மறைந்தன. பெண்களும் ஆண்களும் திரைமுன் உட்கார்ந்து, எந்த விசை எதற்கு என்று தெரியாமல் எதையோ அழுத்தினார்கள். அருவிக்கடியில் நின்ற வீரர்கள் பல வருடங்களுக்குப் பிறகு கைகாலை அசைத்து ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டார்கள்.

வந்தவர் பெயர் நிரஞ்சன். இரண்டாம் தட்டுக்காரர், மரியாதை தெரிந்தவர், கெட்ட எண்ணம் துளியும் இல்லாதவர். அவருடைய சட்டைத் துணிக்குள்ளேயே சூட்டு இழைகள் ஓடின. அதனால் எந்தத் தட்டுக்குப் போனாலும் அவருக்கு ஒரே தட்பவெப்பம்தான். சட்டைப் பையில் மெய்க்காட்டி என்ற சிறு கருவி செருகியிருந்தது. பேசுகிறவர் குரலின் நடுக்கத்தை அளந்து, சொல்வது மெய்யா பொய்யா என்று அது காட்டும்.

சலேத் அன்றைய சூட்டுப் பங்கு முழுவதையும் அந்த நேரத்துக்கென்று பிடித்து வைத்திருந்தாள். அறை நன்றாகக் கதகதப்பாக இருந்தது. அவள் குரல் நடுங்கவில்லை.

"சொல்லுங்கம்மா. ஆட்டம் அடிக்கடி நின்னுடுதா?"

"ஆமா சார். அருவிகிட்டப் போனதும் கறுத்துப் போவுது."

"அருவி!" அவர் முகம் மலர்ந்தது. "உங்க தட்டுல எல்லாருமே அருவிகிட்டதான் இருக்கீங்க. எனக்கு ரொம்ப நாளா ஒரு கேள்வி. அதுல அப்படி என்னம்மா இருக்கு?"

 அருவியைச் சலேத் சரியாகப் பார்த்ததே கிடையாது. கட்டிலைப் பார்த்தாள். போர்வைக்குள் நெஞ்சுக்கூடு ஏறி இறங்கியது. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"அந்த அருவி கொட்டுனாத்தான் சார் எம் வீட்டுக்காரரு மூச்சு விடுதாரு. அது நின்னா அவரு செத்துருவாரு. எங்களுக்கு வேற ஒண்ணும் வேண்டாம். அது மட்டும் போதும் சார்."

மெய்க்காட்டி பச்சையாக எரிந்தது. அப்படிப் பளிச்சென்ற பச்சையை நிரஞ்சன் தன் வேலையில் பார்த்ததில்லை. அவர் கண்ணும் கலங்கிவிட்டது.

"அம்மா, நான் பாத்துக்கறேன். உங்களுக்கு மட்டுமில்ல, இந்தத் தட்டுக்கே இனிமே அந்த அருவி நிக்காது. இது என் பொறுப்பு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கதவு மூடியதும் சவரிமுத்து கேட்டார். "நல்லாத்தான் நடிச்ச. பொய்யா, நெசமா?"

"எனக்கே தெரியல."

"படத்தகடு வரட்டும். ஒரு நாளாவது அந்த அருவிய முழுசாப் பாத்துரணும். நம்ம குடியக் காப்பாத்துன சாமில்லா அது."

நிரஞ்சன் சொன்ன சொல் தவறவில்லை, பாவம். சலேத்தின் பேச்சு மகிழ்வுத் துறையின் மேல்மட்டக் கூட்டத்தில் போட்டுக் காட்டப்பட்டது. பெரியவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அந்த வாரமே, எல்லோரும் வேலைக்குப் போயிருந்த ஷிப்டில், துறையின் ஆட்கள் வந்து வீட்டுக்கு வீடு பழைய பெட்டிகளை அள்ளிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தபோது ஒவ்வொரு வீட்டிலும் சோப்புப் பெட்டி அளவில் ஒரு புதுப் பெட்டி இருந்தது. தண்மதி என்று அதற்குப் பெயர்.

தண்மதிக்குள் மின்னோட்டம் பெயருக்குத்தான். அது ஒளியைக் கொண்டு கணக்குப் போட்டது. விசிறி கிடையாது, சல்லடை கிடையாது, தூசி போக ஓட்டை கிடையாது. கறுப்புத்திரை என்ற பேச்சுக்கே இடமில்லை. பழைய பெட்டி ஒன்று குடித்த மின்சாரத்தில் எட்டாம் தட்டு முழுவதும் உள்ள தண்மதிகள் ஓடின. மிச்சமான மின்சாரத்தில் முதல் தட்டின் நீச்சல்குளத்தை வெதுவெதுப்பாக்க ஏற்பாடாயிற்று. தண்மதிக்குக் கண்ணும் உண்டு, யார் யார் பார்க்கிறார்கள் என்று எண்ணிக்கொள்ளும். ஒரு ஷிப்டுக்கு மேல் அணைந்து கிடந்தால், என்ன குறை என்று விசாரிக்கத் துறையிலிருந்து ஆள் வருவார்.

சலேத் வீரனை அருவிக்கு நடத்திப் போனாள். அருவி கொட்டியது. அப்படி ஒரு அருவியை அவள் வாழ்நாளில் கண்டதில்லை. நீர்த்திவலையில் வானவில் தெரிந்தது. அவள் கையைப் பெட்டியின்மேல் வைத்துப் பார்த்தாள். பானைத் தண்ணீரைத் தொட்டதுபோல் சில்லென்று இருந்தது.

தரத்தை உச்சத்துக்கு ஏற்றினாள். ஒரே நேரத்தில் மூன்று ஆட்டங்களை ஓட்டினாள். துணியால் சுற்றினாள், தலையணைக்கடியில் அமுக்கினாள். நிரலை அழித்தாள், அது தன்னையே திரும்ப ஏற்றிக்கொண்டது. கறுத்துப் போகாதே என்று எந்தத் திரையைக் கெஞ்சினாளோ, அதே திரையைப் பார்த்துக் கெட்டுத் தொலையேன் என்று மன்றாடினாள். அது கெடவில்லை.

பாக்கியத்தாய் கதவைத் திறந்துகொண்டு வந்து நின்றாள். கையில் பொங்காத மாவு.

"நாசமாப் போறவளே. அருவி வேணும் அருவி வேணும்னு அழுதியே. கொட்டுதா? நல்லாக் கொட்டுதா?"

 

சலேத் மறுபடி நிரஞ்சனை வரவழைத்தாள். தண்டனை கிடைத்தால் கிடைக்கட்டும், உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்திருந்தாள். அவர் சிரித்த முகமாக வந்தார். அறைச்சுவரில் உறைபனி வெள்ளை வெள்ளையாய்ப் பூத்திருந்தது. சூட்டுச் சட்டைக்குள் இருந்த அவருக்கு அது அழகாகப் பட்டதோ என்னவோ.

"சா... சார். நாங்க ஆ... ஆட்டமே ஆடல சார். ஒரு நாளும் ஆடல." பற்கள் தந்தியடித்தன, உடம்பு வெடவெடவென்று ஆடியது. "சூட்டுக்காகத்தான் சார் போட்டோம். அ... அருவிய நாங்க பாக்கவே இல்ல. பழைய பெட்டியக் குடுத்துருங்க. என்ன தண்டன வேணும்னாலும் எ... எனக்குக் குடுங்க. அவரு சா... சாகுதாரு."

மெய்க்காட்டி சிவப்பாக எரிந்தது. குரலில் அவ்வளவு நடுக்கத்தை அந்தக் கருவியும் அதுவரை அளந்ததில்லை.

நிரஞ்சன் அதைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் வரவில்லை, இரக்கம்தான் வந்தது.

"அம்மா, பயப்படாதீங்க. யாரோ உங்களை மிரட்டிப் பேச வைக்கறாங்கன்னு புரியுது. பழைய பெட்டிய வித்துப் பிழைக்கற கூட்டம் ஒண்ணு இருக்கு, நாங்க விசாரிக்கறோம். இந்த வீட்டுல எத்தனை வருஷமா, எத்தனை மணி நேரம் அருவி ஓடியிருக்குன்னு எங்ககிட்டத் தரவு இருக்கும்மா. பிடிக்காமலா பாத்திருப்பீங்க?"

"அவரத் தொ... தொட்டுப் பாருங்க சார். ஒரே ஒரு தடவ, கையத் தொட்டுப் பாருங்க."

"அவர் ரசிச்சுப் பாத்துட்டு இருக்கார். தொந்தரவு பண்ண வேண்டாம்" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். போகும்போது கதவை மெதுவாகத்தான் சாத்தினார். அதற்குள்ளேயே இடைவழியின் குளிர் உள்ளே வந்து நிறைந்துவிட்டது.

பழைய பெட்டிகள் நாலாம் தட்டின் உருக்கு உலையில் கரைந்துவிட்டதாகப் பேச்சு வந்தது. அன்று மணி அடித்த பிறகு பாக்கியத்தாய் மறுபடி வந்தாள். பின்னால் மாமியார், கணவர், பிள்ளைகள், எதிர்வீட்டுக்காரர்கள், எல்லோர் தோளிலும் இருக்கிற போர்வையெல்லாம்.

"தள்ளுட்டி. தனித்தனியா வெறைச்சுச் சாவுறதுக்கு ஒண்ணாக் கெடப்போம். ஒம் மாப்பிள்ளைய நடுவுல போடு."

சலேத் அவள் காலில் விழப் போனாள். "எந்திரி, எந்திரி. கால்ல விழுந்தா சூடு வந்துருமாக்கும்" என்று பாக்கியத்தாய் அதட்டினாள்.

சுவர்ப் பிளவுகளில் கந்தல் அடைத்தார்கள். கதவிடுக்கில் ஈரத்துணி வைத்தார்கள், அது உறைந்து அடைத்துக்கொண்டது. சவரிமுத்தை நடுவில் சாய்த்து உட்காரவைத்து, சுற்றிலும் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். கைக்குழந்தை சலேத்தின் மடிக்கு வந்தது. யாரும் கதவைத் திறக்கக்கூடாது என்று பாக்கியத்தாய் சத்தியம் வாங்கினாள். வெகுநேரம் கழித்து மூச்சுச் சூட்டிலும் உடம்புச் சூட்டிலும் அறை கொஞ்சம் இளகியது. குழந்தையின் உதட்டில் சிவப்புத் திரும்பியது.

விளக்கை அணைத்துவிட்டதால் வெளிச்சம் தண்மதியிலிருந்து மட்டும்தான். வேறு பார்க்க ஒன்றும் இல்லாததால் எல்லோரும் அருவியைப் பார்த்தார்கள். முதல்முறையாக, நிஜமாகவே பார்த்தார்கள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார் சவரிமுத்து. குரல் காற்றாக வந்தது. "அந்த வாள எங்கயாவது கீழ போடச் சொல்லு அவன. கை வலிக்கும்."

"பேசாதீங்க."

"இப்ப எனக்குக் குளிரல புள்ள."

அதைக் கேட்டு அவளுக்கு எத்தனையோ நாளைக்குப் பிறகு நிம்மதியாக இருந்தது. அவர் தோளில் சாய்ந்து கண்ணை மூடினாள். அருவிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

தண்மதி மணி ஒன்று அடித்து அவளை எழுப்பியது. மற்றவர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். திரையின் ஓரத்தில் பூக்கள் உதிர, எழுத்துகள் வந்தன. 'வாழ்த்துகள்! ஒரே திரைமுன் அதிக ரசிகர்கள் கூடிய இல்லம் இது. சிறப்பு வாழ்த்து சவரிமுத்து அவர்களுக்கு! ஒருமுறைகூடக் கண்ணை எடுக்காமல், இமைக்கவும் செய்யாமல் இவ்வளவு நேரம் அருவியைப் பார்த்தவர் முத்துக்கரையிலேயே நீங்கள் ஒருவர்தான்.'

சலேத் மெல்லத் திரும்பினாள். அவர் கண்கள் திறந்தே இருந்தன. அவற்றுக்குள் அருவி கொட்டிக்கொண்டிருந்தது. அவள் கன்னத்தைத் தொட்டாள். தன் கையைவிட அது குளிர்ந்திருந்தது.

கத்த வேண்டும்போல் இருந்தது. மடியில் குழந்தை சூடாக, கனமாகத் தூங்கியது. பாக்கியத்தாயின் பெரியவள் அவருடைய கையையே தலையணையாக வைத்துக் கிடந்தாள். சலேத் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். பிறகு கையை நீட்டி அவர் இமைகளை இழுத்து மூடினாள்.

தண்மதியின் கண் அதைக் கவனித்தது. அருவி நின்றது. திரையில் ஒரு கேள்வி வந்தது.

'சவரிமுத்து, இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா?'

கீழே ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். அவற்றுக்கும் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி: 'இல்லை என்றால் எங்கள் பணியாளர் உடனே நேரில் வந்து உங்கள் குறையைக் கேட்பார்.'

பணியாளர் வந்தால் கதவைத் திறக்கவேண்டும். சலேத் குழந்தையின் காலைப் போர்வைக்குள் தள்ளிவிட்டு, கையை நீட்டி ஆம் என்பதை அழுத்தினாள்.

'நன்றி' என்றது தண்மதி. அருவி மறுபடி கொட்டத் தொடங்கியது.